ஜீப்புக்கு இருபத்தேழு சோதனை

இந்த முறை பாக்கியத்தைக் கேட்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் இது என்னுடைய நான்காவது பெரிய முடிவு. முதல் மூன்றையும் எனக்காக அவளே எடுத்துக் கொடுத்திருந்தாள்.

விஷயம் ஒரு பழைய ஜீப். புக்கிட் ரம்பாய் தோட்டங்களில் தேங்காய் வாங்கி மலாக்கா மார்க்கெட்டில் போடுவது என் தொழில். மழைக்காலத்தில் அந்தச் சேற்றுக்குள் வாடகை லாரி வராது. போன வருஷம் நாற்பத்திரண்டு நாள் தொழில் படுத்துவிட்டது. செமாபோக்கில் ஏகாம்பரம் என்பவரிடம் சண்டைக் காலத்து ஜீப் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் இருந்தது எட்டு வருஷச் சேமிப்பு. வண்டி சொத்தையாகிவிட்டால் சேமிப்பும் போச்சு, தொழிலும் போச்சு.

படிப்பு நாலாம் வகுப்புதான். ஆனால் எண்ணிப் பார்க்காமல் எதையும் விடமாட்டேன். டயர், பிரேக், கியர், எண்ணெய்ச் சொட்டு என்று நோட்டில் 'ஏகாம்பரம் ஜீப், செமாபோக்' எனத் தலைப்புப் போட்டு ஒரு பக்கம் நிறைய இருபத்தேழு சோதனைகள் எழுதினேன். எனக்குக் கூச்ச சுபாவம். எழுதி வைத்தால் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை அல்லவா?

வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்ட வேண்டும். ஒரே அளவாக நான்கு பழம் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்றாள் பாக்கியம்.

"தெங்கேராவில ஒரு துக்க வீடு."

"பை என்ன புடைச்சிருக்கு?"

"கைக்குட்டை."

"அவ்வளவு அழப் போறீங்களா?"

நான் செருப்பைத் தேடினேன்.

"நோட்டு எடுத்துக்கிட்டீங்களா?"

"ம்."

துக்க வீட்டுக்கு நோட்டு எதற்கு என்று காஜா பெராங் முனை தாண்டிய பிறகுதான் எனக்கே தோன்றியது.

செமாபோக்கில் நான் போய்ச் சேரும்போதே ஜீப் உறுமிக்கொண்டு நின்றது.

"உங்களை வரவேற்குதுண்ணே!" என்றார் ஏகாம்பரம். "குழந்தை மாதிரிண்ணே. தொட்டா எழுந்திரிக்கும்."

அணைத்துவிட்டுத் தொட்டேன். எழுந்தது. ஐந்து முறை அணைத்தேன், ஐந்து முறையும் எழுந்தது. நாற்பது நிமிஷம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். இருபத்தேழு சோதனைக்கும் சரி போட்டாயிற்று. முன்பணம் எடுக்கப் பையில் கையை விட்டேன். எலுமிச்சம்பழம் வந்தது.

அந்த நேரம் வாசலில் ஒரு திரிஷா, மூன்று சக்கர மிதிவண்டி, வந்து நின்றது. பாக்கியம் இறங்கினாள். அவள் கையிலும் ஓர் எலுமிச்சம்பழம்.

"ஸ்பேர் டயரை மறந்துட்டீங்களே" என்று நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

சோற்றுப் பானையைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவள் ஜீப்பின் இன்ஜின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள்.

"நீங்க வரும்போதே ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

"ஆமா. மரியாதைக்கு" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குங்க அவ்வளவு மரியாதை?" என்றவள் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினாள். "தம்பி, வண்டி ஆறட்டும். அதுவரைக்கும் கோப்பி குடிக்கிறோம்."

வண்டி ஆறுவதற்கு முன்பே ஏகாம்பரத்தின் முகம் ஆறிவிட்டது.

மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். நாங்கள் ஆளுக்கு இரண்டு கோப்பி, ஏகாம்பரம் ஐந்து. பிறகு பாக்கியம் எழுந்து மூடியைத் தொட்டாள். "ம், இப்ப எழுப்புங்க குழந்தையை."

முதல் தடவை ஒரு தும்மல். இரண்டாவது தடவை ஓர் இருமல். மூன்றாவது தடவை அதுவும் இல்லை.

யாரும் கூப்பிடவில்லை. அந்த மௌனத்தைக் கேட்டே, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். மலாய்க்காரர் இருவர், சீனர் ஒருவர், நம்மவர் மூவர். அவரவர் இடத்தில் கை வைத்து "தோலாக்! தோலாக்!" என்று தள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

"என்ன ஏகாம்பரம், காலையிலதானே தள்ளினோம்? மறுபடியுமா?" என்றார் ஒருவர் மூச்சு வாங்க.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து ஒரு வருஷம். எல்லா இனமும் தோளோடு தோள் நின்றதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். பாக்கியம் கோபப்படவில்லை.

"தம்பி, புது பேட்டரி போட்டு, ஸ்டார்ட்டரைச் சரி பண்ணி வைங்க. ஒருநாள் விடியக்காலையில வருவோம். என்னைக்குன்னு சொல்ல மாட்டோம். ஆள் தள்ளாம எழுந்தா எடுத்துக்கிறோம்."

"சரிங்கக்கா."

ஒன்பதாம் நாள் விடியக்காலை போனோம். மூடிமேல் பனி ஈரம். சாவியைத் திருப்பியதும் எழுந்தது. ஐந்து பழமும் செலவாயின.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஒருநாள்கூடத் தொழில் நின்றதில்லை. புக்கிட் ரம்பாய் சேற்றைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் பாக்கியத்துக்கு மனத்துக்குள் நன்றி சொல்வேன். வாய்விட்டுச் சொல்லக் கூச்சம்.

வண்டி வந்த அன்று சாயங்காலம், எழுத்திலாவது சொல்லிவிடலாம் என்று நோட்டை எடுத்தேன். அவள் சொல்லித் தந்த சோதனையை இருபத்தெட்டாவதாக எழுத வேண்டும். பக்கத்தில் இடமில்லை. திருப்பினேன். அங்கே பாக்கியத்தின் கையெழுத்து, நான் துக்க வீட்டுக்குக் கிளம்பியதற்கு முந்தின நாள் தேதி போட்டு:

"28. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து பார்க்கவும். 29. எலுமிச்சம்பழம் ஐந்து."