ஆயக்குடி கொய்யாவும் காணாமல்போன என் குரலும்

எந்தச் சந்தேகத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டால். நான் அந்த ஒரு ஆளை விட்டுவிட்டு ஊரில் பாக்கி எல்லாரிடமும் கேட்டவள்.

எனக்குச் சின்ன வயதிலேயே இரண்டு கால்களிலும் போலியோ. காலைத் தாங்கும் இரும்புக் கேலிப்பர் மாட்டி, ஊன்றுகோல் பிடித்து நடப்பேன். தெருவைத் தாண்ட வேண்டுமென்றால் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். மாதாமாதம் அரசாங்கத்தின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வரும். கால்தான் இப்படி. தொண்டையை ஆண்டவர் இரண்டு ஆளுக்கு உண்டானதாக வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நான் வாசகம் வாசித்தால், மாதா கோயிலுக்கு வெளியே செருப்பைக் கழற்றுகிறவர்களுக்கும் கேட்கும். (கரண்ட் போன நாளிலும்தான்.)

அதைக் கேட்ட மைக்செட் கடைக்காரர் ஒருவர், "நம்ம கடைக்கு விளம்பரம் பேசித் தாரியாம்மா?" என்று கூப்பிட்டார். வாரத்தில் சில மத்தியானங்கள்தான் வேலை. நத்தம் மாம்பழம், மெத்தைத் தள்ளுபடி, டியூஷன் சென்டர் என்று எதைக் கொடுத்தாலும் பேசுவேன். அவர் அதைப் பென்டிரைவில் ஏற்றி வண்டிக்காரர்களிடம் கொடுப்பார். திண்டுக்கல் முழுக்க என் குரல் சுற்றியது. நான் ஏற முடியாத மாடிகளுக்கெல்லாம் அது ஏறிப் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. "வேலைக்குப் போறவங்களுக்கு உதவித்தொகைய நிப்பாட்டுறாங்களாம்" என்று தெருவில் ஒரே பேச்சு. பகுதி நேர வேலைக்குமா? இ-சேவை மையத்துப் பெண், "அதெல்லாம் ஒண்ணும் செய்ய மாட்டாங்கக்கா" என்றாள். பெட்டிக்கடை அண்ணன், "வாங்குனதையே திருப்பிக் கேப்பாங்க தாயி" என்றார். என் தம்பி ஸ்டீபன் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "வாயால பாக்குறது வேலையில சேராதுக்கா, கையால பாக்குறதுதான் சேரும்" என்று புதுச் சட்டமே போட்டான். எனக்கோ வேறொரு சந்தேகம். நான் வீட்டில் தூங்கும்போதும் என் குரல் தெருவில் கத்திக்கொண்டிருக்கிறதே, அப்போது வேலை பார்ப்பது நானா, பென்டிரைவா? இவ்வளவு யோசித்தவள் தாலுகா ஆபீஸில் போய்க் கேட்க யோசிக்கவில்லை. கேட்டால் நாமே போய் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

உதவித்தொகை நின்றால் பெட்ரோலுக்கும் கேலிப்பர் ரிப்பேருக்கும் அம்மாவிடம் கையேந்த வேண்டும். மைக்கை விட்டால் பழையபடி வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். இரண்டில் எதை விடுவது என்று நினைத்தாலே அழுகை முட்டியது.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை, புதிதாக வந்திருக்கும் வி.ஏ.ஓ. மேடம் உதவித்தொகை வாங்குகிறவர்களை வீடு வீடாகப் பார்த்து வருவதாகச் செய்தி வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஏடி, கேலிப்பரக் கழட்டிட்டுக் கட்டில்ல படு. வாயத் தொறந்த, தொலைஞ்ச!"

"எதுக்கும்மா? காலுக்குத்தான் சர்ட்டிபிகேட் இருக்கே?"

"காலுக்கு இருக்கு. வாயி எம்புட்டு நல்லா இருக்குன்னு அவுகளுக்குத் தெரிஞ்சுபோகும்ல!"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. (இத்தனைக்கும் நான் பி.காம்.) சித்திரை வெயிலில் கழுத்து வரை போர்வை, கழுத்தில் ஒரு துண்டு.

மேடம் வந்தார். சின்ன வயசுதான். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். அம்மா முந்திக்கொண்டாள்.

"அவளால பேச ஏலாது மேடம். காலுதான் போச்சுன்னா இப்பத் தொண்டையும் போச்சு. மாசக்கணக்காச் சத்தமே வரல."

மாசக்கணக்கா! முந்தின நாள்தான் பூசையில் வாசித்திருந்தேன். வேறு வழியில்லாமல் "ஹ்ஹ்" என்று காற்றை மட்டும் விட்டேன். மேடத்தின் முகம் வாடிவிட்டது. "டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?" என்று கட்டில் ஓரமாக உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அப்போதுதான் தெருமுனையில் அது கேட்டது.

"வாங்கம்மா வாங்க! ஆயக்குடி கொய்யா! தோட்டத்துல பறிச்சு நேரா உங்க வாசலுக்கு! கடிச்சுப் பாத்து வாங்குங்க!"

நானேதான். எப்போதும் சாயங்காலம் வருகிற லோடு ஆட்டோ முருகேசன் அன்றைக்கென்று காலையில் வந்து, சரியாக எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினான். அம்மா ஜன்னலைச் சாத்த ஓடினாள். மேடம் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. தப்பித்தேன் என்று நினைத்த நேரத்தில் பென்டிரைவ் மக்கர் பண்ணியது.

"கொய்யா... கொய்யா... கொய்யா... கொய்யா..."

பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். என் குரலை ஒருத்தன் நடுத்தெருவில் இப்படிச் சித்ரவதை செய்தால் எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? எனக்குக் கோபம் வந்தால் முன்னே பின்னே தெரியாது.

"ஏலே முருகேசா! அந்தக் கருமத்த ஆஃப் பண்ணுலே!"

ஜன்னல் கதவு அதிர்ந்தது. கொய்யா நின்றது. "பண்ணிட்டேன்க்கா! புதுசா ஒண்ணு பேசிக் குடுங்க, இது கெட்டுப்போச்சு!" என்று வெளியிலிருந்து பதில் வேறு.

மேடம் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையை விட்டார். அம்மா சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டு முழங்காலில் விழுந்தாள். "மாதாவே! எம்புள்ளைக்குக் குரல் வந்துருச்சு!"

மேடத்துக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரமானது. "அந்தக் கொய்யாக்கா நீங்கதானா? மூச்சே விடாம எப்படிங்க பேசுறீங்க?"

நான் எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். "மேடம், ரெண்டுல ஒண்ணத்தான் வச்சுக்கணும்னா இப்பவே சொல்லிருங்க. தெரியாம இருக்கறதுதான் பெரிய கொடுமையா இருக்கு" என்றபோது கண் கலங்கிவிட்டது.

"நீங்க உசுரோட இந்த வீட்டுல இருக்கீங்களான்னு பாக்கத்தாம்மா வந்தேன். அது இப்பத் தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. இந்த மாதிரி சின்ன வேலைக்கு நிறுத்தச் சொல்லி எனக்கு உத்தரவு எதுவும் வரல. எதுக்கும் தாலுகாவுல கேட்டுச் சொல்றேன்" என்றவர், வாசலில் நின்று திரும்பினார். "காலையிலருந்து போன வீட்டுல எல்லாம் போத்திக்கிட்டுப் படுத்துத்தான் கெடந்தாங்க. இந்தத் தெருவுல என்னமோ காய்ச்சல்னுல்ல பயந்துட்டேன்!"

கேட்டும் சொன்னார். என் உதவித்தொகை நிற்கவில்லை, மைக்கும் நிற்கவில்லை. கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். இப்போது முருகேசன் வண்டியில் கொய்யாவுக்கு நடுவே என் குரல் இப்படியும் முழங்குகிறது: "உதவித்தொகை பெறுவோர் கவனத்திற்கு! பகுதி நேர வேலை பார்ப்பவர்கள் பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் நேரில் வந்து கேளுங்கள்!"

அது எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்பாள். கேட்டு முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

"அந்தப் பொண்ணு எம்புட்டு விவரமாச் சொல்லுறா பாரு! நீயும் கெடந்தியே அன்னைக்கு, போர்வையப் போத்திக்கிட்டு!"