ஒரே வாசல்

"திருடன் என்ன எடுத்துட்டுப் போனான்?"

"ஒண்ணும் எடுக்கல சார்."

"அப்ப எப்படி அவன் திருடன்?"

குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் நிவாரண அலுவலகத்தின் அதிகாரி, உலகத்துக்கே புதிர் போட்டுவிட்டவர் போல நாற்காலியில் சாய்ந்தார். எதிரே போர்டு எழுதுகிறவர், மாவுக்கட்டுப் போட்ட வலது கையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். ஊரில் பாதிக் கடைகளின் பெயரை எழுதிய கை. அது மறுபடி பிரஷ் பிடிக்கும்வரை வீட்டில் அடுப்பெரிய நிவாரணத் தொகையை விட்டால் வேறு வழியில்லை.

"இருட்டுல என்னைத் தள்ளிவிட்டுட்டு ஓடிட்டான் சார். எங்க வீட்டுக்கு ஒரே வாசல். ஜன்னல்லாம் கம்பி. எழுந்து பார்த்தா வாசக்கதவு திறந்து கிடக்கு. போலீஸும் வாசல்லயே நின்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க."

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தவங்களும் இப்படித்தான் திருடனைப் பார்க்கிறாங்க," என்றார் அதிகாரி. பிறகு பெரிய மனது பண்ணி, "பயம் இருக்கா? மனப்பாதிப்புன்னா தனிப் பிரிவு. ஆலோசகர் வீட்டுக்கே வருவாங்க."

பயம் இருந்தது, காட்டத்தான் தெரியவில்லை. அந்த ராத்திரியிலிருந்தே வாசலை அடைத்துக் கட்டில் போட்டு அதிலேயே கிடந்தார் போர்டுக்காரர். அவர் வெளியே போனால் மனைவி காவல்.

மனைவிக்கு வேறு கவலை. "மூடி வச்ச சோறு காலையில இல்ல. கைதானே உடைஞ்சுது, வாய் நல்லாத்தான் இருக்கு!"

"நான் தொடவே இல்லடி."

"ஆமா, பூனை தின்னுட்டுத் தட்டையும் கழுவி வச்சிட்டுப் போச்சு!"

கவிழ்த்திருந்த தட்டில் ஈரம்கூடக் காயவில்லை.

ஆலோசகர் அம்மையார் வந்தார். "உள்ளே இருக்கிற பயத்தை வெளியே விடுங்க," என்று குரலில் தேன் தடவினார். போர்டுக்காரர் வாய்க்கு வந்ததை அளந்தார்.

"பரண்மேல ஆள் இருக்கிற மாதிரியே இருக்கு மேடம். மூச்சு விடுறதுகூடக் கேக்குது."

"அது மனப்பிரமை. இப்ப ஏதாவது கேக்குதா? கேக்காது. ஏன்னா..."

சமையலறைப் பக்கத்துப் பரணில், எழுதச் சொன்னவர்கள் வாங்கிப் போகாத பழைய போர்டுகளுக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் வந்தது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல்போன இருமல்.

கட்டிலைத் தாண்டிக் குதித்து ஓடிய அம்மையார் ஒரு செருப்பை விட்டுவிட்டே போனார்.

மனைவி சமையலறையிலிருந்து டீயோடு வந்தாள். இருமியது அவள்தான் என்று நினைத்த போர்டுக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெரிய கைகாரிடி நீ!"

கல்யாணமாகி முதல் பாராட்டு. எதற்கு என்று கேட்டு அதைக் கெடுத்துக்கொள்ள அவள் விரும்பவில்லை. அம்மையாருக்குப் போட்ட டீயை மட்டும் திரும்பக் கொண்டுபோய் அடுப்பு மேடையில் வைத்தாள். டம்ளர் எப்போது காலியானது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுவாரம் அதிகாரியின் போன். "பயம் உறுதியாயிடுச்சு. எங்க மேடம் இன்னும் லீவுலதான் இருக்காங்க. ஆனா பயந்ததுக்கு ஒரு திருடன் வேணுமே! அவன் வந்ததுக்கு ஆதாரம் குடுங்க, பணம் உங்க கையில."

எதிர் மருந்துக்கடையின் கேமரா தன் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது போர்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கடைக்காரர் பதிவு முழுவதையும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் போனோடு படியேறி வந்தார்.

"கிடைச்சானா?"

"பளிச்சுனு! முகத்தை மூடிக்கிட்டு உங்க வீட்டுக்குள்ள நுழையறான். இனி அந்த அதிகாரி வாயே திறக்க முடியாது."

"ஜெயிச்சோம்டி!"

பரணில் ஒரு போர்டு மெல்ல நகர்ந்தது. இப்போதுமா என்று மனைவிக்குக் கண்ணடிக்கத் திரும்பினார் போர்டுக்காரர். அவள் அவர் தோளை ஒட்டித்தான் நின்றிருந்தாள்.

மருந்துக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணுதாண்ணே புரியல. இன்னைக்கு வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டேன்... அவன் வெளிய வரவே இல்லையே?"