நாலாம் காம்பராவும் நாலு பட்டமும்

றக்வானைக்கு மேலே எங்க தோட்டத்துல, ஏழாம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால மலை வெடிச்சு நிக்குது. மழைக்கு முந்தி முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் கீழே புது வீடு தாறதா அரசாங்கம் திருவுளம் கொண்டுச்சு. நான் தோட்டத் தலைவர் கந்தையா. ஜேபியும், அதான் சமாதான நீதவானும், நான்தான். பட்டியலை நானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அரசாங்க ஆபீஸ்ல ஷிப்னான்னு ஒரு பிள்ளை அதைக் கம்பியூட்டர்ல அடிச்சுச்சு. ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. பேரு முதல்ல, முகவரி பின்னால. ஆபீசுக்குப் பெரியவர் அப்லால் சேர் திறந்து பார்த்தார். அவரு திரையில பாதியில கிரிக்கெட் ஓடும். மிச்சப் பாதியிலதான் நிர்வாகம்.

"என்ன இது, வரியெல்லாம் மடிஞ்சு கிடக்கு?"

"இடம் போதாம மடிஞ்சு தெரியுது சேர். உள்ளுக்கு ஒரே வரிதான். பெட்டியைப் பெருசாக்கினா நேராகிரும்."

பெருசாக்கினா கிரிக்கெட் மறையும். சேர் யோசிச்சார்.

"அரசாங்கப் பட்டியல் ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி தெரியக்கூடாது. மடியிற இடத்துல எல்லாம் என்டரைத் தட்டுங்க."

"தட்டினா நெசமாவே வரி வெட்டுப்பட்டுரும் சேர்."

"தட்டின பிறகு பார்க்க வேற மாதிரி இருக்குமா?"

"அப்படியேதான் இருக்கும்."

"அப்ப தட்டுங்க."

எனக்கு ஒண்ணும் விளங்கல்ல. ஆனா தலைவருன்னு போய் உட்கார்ந்தா தலையாட்டாம இருக்க முடியுமா? ஆட்டினேன்.

பட்டியல் கொழும்புக்குப் போச்சு. அங்கே கம்பியூட்டருக்கு ஒரு வரின்னா ஒரு குடும்பம். முப்பத்தெட்டு எழுபத்தேழாகித் திரும்பி வந்துச்சு. பேரு இருந்த வரிக்கு எதிரே, 'முகவரி இல்லை, நிராகரிக்கப்பட்டது.' முகவரி மட்டும் இருந்த வரிக்கு எதிரே, 'அபாய வலயம், வீடு வழங்கவும்.'

லயத்துல எனக்குப் பக்கத்து அறை, மூணாம் காம்பரா, ஷாமிளாவோடது. கொழுந்து பறிக்கிற பிள்ளை, ரெண்டு சின்னப் பிள்ளைங்க. அரை நாள் சம்பளப் பேரை விட்டுட்டு என்கூட ஆபீசுக்கு வந்துச்சு.

"ஏழாம் லயம் மூணாம் காம்பரா வந்திருக்கா?" சேர் கேட்டார்.

"நான்தாங்க சேர் அதுல இருக்கேன்."

"நீங்க ஷாமிளா. உங்களை நிராகரிச்சாச்சு. வீடு கிடைச்சது காம்பராவுக்கு. அதை வரச் சொல்லுங்க."

"அது எப்படிங்க சேர் வரும்? சுவரே சாய்ஞ்சு நிக்குது."

"சுகமில்லையா? அப்ப அதிகாரம் கொடுத்து ஆள் அனுப்பலாம். ஜேபி கடிதம் வேணும்."

அங்கேயே எழுதினேன். 'மேற்படி மூணாம் காம்பராவை இருபது வருஷமாக நேரில் அறிவேன். நன்னடத்தை உள்ளது. நடமாட இயலாமையால் ஷாமிளாவை அனுப்புகிறது.' சேர் ரெண்டு தரம் வாசிச்சுட்டு, இப்படியில்லையா கடிதம் எழுதணும்னார். ஷாமிளாவுக்கு சாவி கிடைச்சுச்சு. அழுதுச்சு அந்தப் பிள்ளை. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு.

அதே மாதிரி, ஷாமிளாவோடதையும் சேர்த்து, முப்பத்தேழு காம்பராவுக்கு நன்னடத்தைப் பத்திரம் கொடுத்தேன். சாவி கொடுத்து முடிஞ்ச அன்னைக்கு சேர் எனக்குப் பொன்னாடை போர்த்தி, 'காம்பராக் காவலர்'னு பட்டம் தந்தார். கைதட்டல் அடங்கின பிறகு, என் சாவி எங்கேன்னு கேட்டேன்.

ஷிப்னா பட்டியலைக் காட்டுச்சு. எல்லாருக்கும் ரெண்டு வரி, எனக்கு மூணு. முதல் வரி முழுக்க 'சமூக ஜோதி, சேவைச் செம்மல், சமாதான நீதவான்.' ரெண்டாவதுல 'தோட்டத் தலைவர் ம. கந்தையா, ஏழாம் லயம்.' மூணாவதுல 'நாலாம் காம்பரா' தனியா நிக்குது. எந்த லயத்து நாலாம் காம்பரான்னு கொழும்புக்குத் தெரியல்லையாம். மூணையும் நிராகரிச்சிருந்துச்சு.

"ரெண்டு பட்டத்தை விட்டிருந்தா உங்களுக்கும் வந்திருக்கும் ஐயா," ஷிப்னா மெதுவாச் சொல்லுச்சு.

"இப்ப அழிச்சு ஒட்டிரும்மா."

"வந்த பட்டியல்ல கை வைக்க ஏலாது," சேர் சொன்னார். "புதுசா மனுப் போடுங்க."

இப்ப ஏழாம் லயத்துல நான் மட்டும்தான். மழை பிடிச்சிருச்சு, வெடிப்பு குசினி அடுப்பு வரைக்கும் வந்திருச்சு. புது மனுவும் எழுதி முடிச்சேன். பேருக்கு முன்னால இருந்ததுல ஒண்ணையும் விடல்ல. காம்பராக் காவலரையும் சேர்த்திருக்கேன். கொடுத்த பட்டத்தைப் போடாட்டி சேர் மனசுல என்ன நினைப்பார்?