ஓவீட் விழுந்தபோது படகு நின்றுகொண்டிருந்தது

டெர்ரபோன் ஓடைக்கரை,
நவம்பர் 21

அன்புள்ள மருமகன் ரெமிக்கு,

மாமா க்ளோவிஸ் எழுதுவது. நீயும் உன் மனைவியும் லஃபயட்டில் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். சுகமில்லை என்றால் அடுத்த மாதம் எழுது, இப்போதைக்கு இந்த வீட்டில் ஒரு கவலைக்குத்தான் இடம் இருக்கிறது. உன் அத்தை வெர்லி சௌக்கியம். என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்ட பிறகு இன்னும் சௌக்கியம்.

என் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்ட வாக்குமூலத்தை இதோடு வைத்திருக்கிறேன். வக்கீல் கண்ணால் ஒருமுறை பார்த்து, தேவையான இடத்தில் லத்தீன் ஏதாவது போட்டு நீயே அனுப்பிவிடு. அதில் முக்கியமான வரி ஒன்றுதான்: ஓவீட் விழுந்தபோது படகு நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தது. அதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். அதிகம் என்று தோன்றினால் ஒன்றை எடுத்துவிடு, இரண்டை விட்டுவை.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்கே தெரியும். போன ஈஸ்டருக்கு உன் அம்மா வீட்டு முற்றத்தில், மேசைமேல் கொட்டிய ஓடை இறாலை எல்லோரும் உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். நான் பாட்டுக்கு மூன்றாவது கை அள்ளும்போது நீ வாயைத் திறந்தாய். "மாமா, படகு உங்க பேர்ல இருக்கு. கூட்டாளி யாராச்சும் வழுக்கி விழுந்தா உங்க மேலதான் வரும். வீடு வரைக்கும் வரும்."

"ஓவீட் எதுக்குடா என் மேல கேஸ் போடப்போறான்? நாப்பது வருஷ சிநேகம்."

"அவரு போட மாட்டாரு மாமா. அவரோட ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் போடும். அவர் பேர்லயே போடும். அவரு வேணாம்னாலும் போடும்."

அன்றோடு எனக்கு மீன்பிடி என்ற சுகம் போயிற்று. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினேன், ஒரு பிள்ளை முழங்காலில் சிராய்ப்பு கிடையாது. பதினெட்டு அடிப் படகில் இரண்டு கிழவர்களை ஏற்றுவதற்கு இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கிறது. எது நடந்தாலும் என் மேல் வழக்குப் போட மாட்டோம் என்று நீ எழுதி அனுப்பிய நான்கு பக்கப் பத்திரத்தைப் பிரதி எடுத்து, படகேறும் முன் கையெழுத்துப் போடச் சொன்னேன். எங்களோடு எப்போதும் மீன்பிடிக்க வரும் அல்சே, கண்ணாடி கொண்டுவரவில்லை என்று படிக்காமலே போட்டான். ஓவீட் நின்று நிதானமாகப் படித்தான். இழுவைப் படகில் முப்பது வருஷம் சமையல்காரனாக இருந்தவன், எதையும் வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்காமல் விழுங்க மாட்டான்.

"நீரில் மூழ்குதல், உறுப்பு இழத்தல், மரணம்," என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தான். "எந்த வரிசையிலடா பண்ணப்போற?"

"சும்மா ஒரு சம்பிரதாயம். போடு."

"என் பொண்டாட்டி செத்தப்போ சவப்பெட்டிக்கு ஒரு பக்கம் நீதான் தோள் குடுத்த. அன்னிக்கு இந்த மாதிரி காயிதம் ஏதும் கேட்டேனாடா நான்?"

ஆனாலும் பேனாவை நீட்டினேன், அவனும் போட்டான். விபத்துக்குப் பிறகுதான் அதை வெளியே எடுத்துப் பார்க்கிறேன், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் "மிமி" என்று இருக்கிறது. மிமி அவன் நாய். அது அன்று படகுக்கே வரவில்லை. இது சட்டப்படி செல்லுமா என்று பார்த்துச் சொல்.

நவம்பர் இரண்டாம் தேதி, எல்லாப் புனிதர் நாளுக்கு மறுநாள், கல்லறைக்கு வெள்ளையடித்த முதுகுவலியோடு மூவரும் கிளம்பினோம். நீ சொன்ன பாதுகாப்பு உரையைக் கரையிலேயே வாசித்தேன். மிதவைச் சட்டை எங்கே, தீயணைப்பான் எங்கே, யாராவது தண்ணீரில் விழுந்தால் யார் எதைப் பிடிப்பது என்று ஒன்றுவிடாமல் வாசித்து முடிப்பதற்குள் கடல் நீர் வடிந்துவிட்டது, மீனும் வேறு வேலையாகப் போய்விட்டது. படகேறியதுமே அல்சே தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிப்போனான். பிறகு வளைகுடாவில் ஒரு நல்ல இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டோம். படகு நின்றது. ஓவீட் பனிக்கட்டிப் பெட்டியில் இருந்து சோறடைத்த பன்றித் தொத்திறைச்சி எடுக்க எழுந்தவன், தானாகவே கால் தடுக்கி, தானாகவே விழுந்து, வலது மணிக்கட்டை இரண்டு இடத்தில் உடைத்துக்கொண்டான். நான் நங்கூரக் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அல்சேயைச் சாட்சியாகப் போட்டிருக்கிறேன். "எல்லாத்தையும் பாத்தேன்" என்கிறான். என்ன பார்த்தாய் என்று மட்டும் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்.

நீ ஈஸ்டரில் சொன்னது அப்படியே நடந்தது. அவனுடைய கம்பெனி என் கம்பெனிக்கு எழுத, என் கம்பெனி எனக்கு எழுதியது. காயமடைந்த நபருடன் பேசக் கூடாது, வருத்தம் தெரிவிக்கக் கூடாது, எந்த உதவியும் செய்யக் கூடாது. காயமடைந்த நபர் ஓடைக்கு அக்கரையில் இருக்கிறார். என் படகுத் துறையில் இருந்து அவன் துறைக்கு அறுபது அடி. அவன் காப்பி உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்கும். காலையில் இருவரும் அவரவர் துறையில் உட்கார்ந்திருக்கிறோம், நான் தண்ணீரைப் பார்க்கிறேன்.

முதல் வாரம் கூப்பிட்டுப் பார்த்தான். "டேய் க்ளோவி! குட் மார்னிங் சொல்றதுக்குமா வக்கீல் வேணும்?" நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு நாயிடம் பேச ஆரம்பித்தான், எனக்குக் கேட்கிற மாதிரி. "பாத்தியா மிமி, அங்க ஒருத்தன் உக்காந்திருக்கான். முன்னாடி மனுசனா இருந்தான்." இப்போது நாயிடமும் பேசுவதில்லை.

உன் அத்தை தனிக் கதை. இங்கே ஒருவன் படுத்துவிட்டால் அண்டை வீட்டில் இருந்து பானை போக வேண்டும், அதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாளே கோழி கம்போக் குழம்பு ஒரு பெரிய பானை வைத்தாள். உனக்குப் போன் போட்டேன், நீ கூடாது என்றாய். உணவு அனுப்பினால் குற்ற உணர்வு என்று எடுத்துக்கொள்வார்களாம். இதை அவளிடம் சொன்னேன்.

"கோழிக் கொழம்பு எந்தக் கோர்ட்டுலங்க சாட்சி சொல்லுது?"

"ரெமி சொல்றான்."

"ரெமிக்கு இடுப்புல துணி கட்டிவிட்டவ நான். ஒத்தக் கைய வச்சுக்கிட்டு அந்த மனுசன் டப்பா தெறக்க முடியாம உக்காந்திருக்காரு. நீங்க சட்டம் பேசுறீங்க."

பாலத்தைச் சுற்றி நான்கு மைல் கார் ஓட்டி அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நான்காம் நாள் பானை எங்கள் வாசலில் இருந்தது. வெறும் பானை திருப்பித் தரக் கூடாது என்பது இங்கே முறை அல்லவா, கழுவித் துடைத்து, உள்ளே அவன் தோட்டத்துச் சாத்துக்குடி நிரப்பியிருந்தான். சீட்டு கீட்டு எதுவும் இல்லை. அதைத் தின்றால் எதையாவது ஒப்புக்கொண்டதாக ஆகுமோ என்று தேதி எழுதி ஒட்டிப் பனிப்பெட்டியில் வைத்தேன். உன் அத்தை தேதியைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தினம் இரண்டு தின்கிறாள். இரண்டாவது பானையும் போயிற்று. அது இன்னும் திரும்பி வரவில்லை. பத்து நாளாகிறது. ஒருவேளை இனி வராது.

எனக்கு அலுத்துவிட்டது ரெமி. சாப்பாடு இறங்கவில்லை, தூண்டிலைத் தொடப் பிடிக்கவில்லை. வீடு போய்விடுமோ என்று ஒரு பக்கம், இவன் போய்விடுவானோ என்று ஒரு பக்கம். வாக்குமூலத்தைச் சீக்கிரம் அனுப்பி இதை முடித்துக் கொடு. படகு நின்றுகொண்டிருந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை, விழுந்தது அவன் பாடு.

உன் அம்மாவுக்கு என் அன்பு. உன் மனைவிக்கு ஆசி. மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும், குறிப்பாகப் படகு வைத்திருப்பவர்களிடம் இருந்து.

உன் மாமா,
க்ளோவிஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. வாக்குமூலத்தையும் கிழித்துப் போடு.

இதை உறையில் போட்டுக்கொண்டு தபால் பெட்டிக்குப் போனேன். அக்கரையில் ஓவீட் மதியச் சாப்பாட்டுக்கு மீன் சுத்தம் செய்ய முயன்றுகொண்டிருந்தான், மீனை முழங்காலால் அழுத்திப் பிடித்து, இடது கையில் கத்தி. மீன் நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவன் திட்டக்கூட இல்லை, விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குத் தாங்கவில்லை. துறை நுனிக்கு ஓடிப்போய், அண்டை வீட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கேட்கக் கத்திவிட்டேன்.

"ஓவீட்! படகு நிக்கலடா! உன் மிதவைச் சட்டைக் கொக்கி மாட்டியிருக்கானு திரும்பித் திரும்பிப் பாத்தேன். முன்னாடி பாக்கல. வேகமாப் போயி சிப்பித் திட்டுல ஏத்திட்டேன். என் தப்புடா. நங்கூரமே போடல."

அவன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றான்.

"அது எனக்குத் தெரியாதாடா மடையா? நான்தான் அந்தப் படகுல இருந்தேனே! படகு நின்னுச்சு, நான் குடிச்சிட்டுப் பெஞ்சு மேல ஏறி ஆடுனேன், அதான் விழுந்தேன்னு இன்சூரன்ஸ்காரன்கிட்ட போன்ல பதிவு பண்ணிச் சொல்லிட்டேன். உன் வீடு தப்பிக்கட்டும்னு. இப்ப ஊரே கேக்கக் கத்திட்ட!"

ஆக, ரெமி, இப்போது நான் உண்மை சொல்லிவிட்டேன், அவன் பொய் சொல்லிவிட்டான், இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது. அவனுக்கும் நீயே வக்கீலாக இருக்க முடியுமா என்று கேட்கிறான். இதை இப்போது அவன் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், மீனை நான்தான் வெட்டிக் கொடுத்தேன். அவனுக்குக் கை உடைந்ததில் துளிக் கோபம் இல்லை. பத்தொன்பது நாள் பேசாமல் இருந்ததுதான் கோபம். அந்தப் பத்தொன்பது நாளுக்கு அவன் கம்பெனி ஏதாவது கேட்டால் எதிர்த்து வாதாடாதே. அதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்.