பூஜ்யம் காட்டாத சென்சார்

"பத்து காட்டுது சார்," என்றாள் அவள். "பூஜ்யம் வரணும்."

"நேத்து மூணுதானே காட்டுச்சு?" என்றார் துறைத் தலைவர். "ஒரே ராத்திரியில வளந்துடுச்சா?"

ஆற்றுத் தண்ணீரில் பாரசிட்டமால் மருந்து கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சென்சார் அது. தீக்குச்சி அளவு மின்முனை. அதன் நுனியில், கண்ணுக்கே தெரியாத கார்பன் குழாய்களை மையாகக் கரைத்துப் பூசியிருந்தாள். மருந்து பட்டால் மின்சாரம் ஓடும், திரையில் எண் ஏறும். நான்கு வருட உழைப்பு. பதினொரு மணிக்குத் தண்ணீர் வாரிய அதிகாரி வருகிறார். அவர் கண்ணெதிரே சுத்தத் தண்ணீருக்குப் பூஜ்யம் காட்டாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழாதான்.

"என் சென்சார் பொய் சொல்லாது சார். தண்ணியிலதான் கோளாறு."

"உங்க நம்பிக்கைய நானும் பாராட்டுறேன். எண்ணைக் குறைங்க."

தலைவர் போனதும் அவளுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. கணவனுக்குப் போன் போட்டுப் புலம்பினாள்.

"மாத்திரை போடு," என்றான் அவன்.

"முழுசா முழுங்க வராதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"அப்ப வழக்கம்போலப் பொடி பண்ணிக் குடி. சின்னக் கொழந்தை தோத்துடும் உன்கிட்ட."

சோதனைக்கூடத்தில் எதுவும் சாப்பிடக் கூடாதென்று அறிவிப்பு எழுதி ஒட்டியவளே அவள்தான். ஆனால் மருந்து சாப்பாட்டில் சேராது என்பது அவள் கட்சி. பொடி செய்தாள், குடித்தாள், தெம்பானாள். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தாள். மின்சாரம் ஓட வேண்டுமே என்று கொஞ்சம் உப்பைப் போட்டுக் கலக்கினாள்.

இருபத்திரண்டு.

"அடக் கடவுளே!"

மேசையோரம் குடுவை கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் அக்கா திரும்பிப் பார்த்தார். "என்ன மேடம்?"

"ஒண்ணுமில்லக்கா. பூச்சுல குழாய் கம்மி போல."

கைவசமிருந்த கார்பன் குழாய்களையெல்லாம் வழித்து, இரண்டு மடங்கு கெட்டியாகப் பூசினாள். குழாய் கூடினால் சென்சாரின் மூக்கும் கூர்மையாகும் என்பது அவளே எழுதிய கட்டுரையின் முதல் வரி. அவசரத்தில் அதுவே மறந்துபோனது.

ஐம்பது.

மறுபடி தலைவலி. மறுபடி மாத்திரைப் பொடி. மணி பத்தே முக்கால்.

"உப்புதான் திருடன்!" என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, சீல் பிரிக்காத புது உப்புப் பாட்டிலைத் திறந்தாள். இந்தத் தடவை புதுத் தண்ணீரில் தாராளமாக மூன்று கரண்டி அள்ளிப் போட்டாள்.

நூற்றுப் பத்து.

அதே நேரம் கதவு திறந்தது. தலைவருக்குப் பின்னால் அதிகாரி. எண்ணைப் பார்த்த தலைவரின் முகம் சுண்டிப்போனது.

"இது ஆத்துத் தண்ணியா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார். சுத்தத் தண்ணி."

"சுத்தத் தண்ணியிலயே இவ்வளவு மருந்துன்னா, ஊர்ல ஒருத்தருக்கும் காய்ச்சலே வராதேம்மா!"

கையிலிருந்த ஃபைலைப் படாரென்று மூடினார். நான்கு வருடம் அந்த ஒரு சத்தத்தில் முடிந்துபோனது. அவளுக்கு அழுகை முட்டியது. பழக்க தோஷத்தில் கை மாத்திரை அட்டைக்குப் போனது.

அக்கா தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், இந்த மெஷினு தேடுற பாரசிட்டமாலுன்னா, நீங்க போடுற தலைவலி மாத்திரைதானே?"

"ஆமாக்கா, அதுக்கென்ன இப்ப?"

"இல்ல... ரெண்டு நாளா மாத்திரைய இந்தக் குட்டிக் கரண்டியாலதான் நசுக்குறீங்க, அதே கரண்டியத் தொடைக்காம உப்புல விடுறீங்க. அதுல ஒட்டியிருந்த துளியைக்கூடவா இது கண்டுபிடிச்சிடுச்சு?"