மேலே கை காட்டிய மாப்பிள்ளை

கல்யாணத்தன்று மாப்பிள்ளை அடக்கமாக இருந்தால் போதும். மற்ற குறைகளை ஊர் மெதுவாக மன்னித்துவிடும். எனக்கோ, ராயபுரத்துப் பெண் ஸ்டெல்லாவைக் கட்டப்போகும் காலடிப்பேட்டைக்காரன் வாடகை அம்பாசடரிலா போய் இறங்குவது என்று தோன்றிவிட்டது.

எங்கள் கம்பெனி மேனேஜரிடம் ஒரு பழைய பந்தயக் கார் இருந்தது. மெட்ராஸில் அதற்கு ஜோடி கிடையாது. இரண்டே இருக்கை. கண்ணாடி இறங்காது. கதவுகள் கடற்காகம் இறக்கை விரிப்பதுபோல் மேலே எழும்பும். உள்ளே போக, தொடை உயரத் திண்டு ஒன்றைத் தாண்ட வேண்டும். (கோட்டு சூட்டோடு தாண்டிப் பாருங்கள், தெரியும்.) டிரைவர் சேவியர் என் தோஸ்து. கெஞ்சிக் கேட்டு ஒருநாளைக்கு வாங்கிவிட்டான்.

"கதவு தொறக்கசொல்ல பாரு மாமு, மொத்த ராயபுரமும் வாயப் பொளக்கும்."

பாதி பலித்தது.

வண்டி முழுக்கச் சுற்றியிருந்த மல்லிகைச் சரங்கள் கடற்காற்றில் பிய்ந்து பறந்தன. ரயில்வே கேட்டில் நின்றபோது, துறைமுகத்தில் சரக்குக் கட்டும் சேவியரின் நண்பர்கள் பார்த்துவிட்டார்கள். சணல் கயிற்றைக் கூரைக்கு மேலும் வண்டிக்கு அடியிலுமாகச் சுற்றி, பூவோடு சேர்த்து இறுக்கினார்கள். உள்ளே உட்கார்ந்தபடி நாங்களும் "இன்னும் இறுக்கு" என்று உற்சாகப்படுத்தினோம்.

"புயலே அட்ச்சாலும் இனிமே ஒண்ணும் அசையாது" என்று சொல்லிவிட்டு அவர்கள் வேலைக்குப் போனார்கள். உண்மைதான். மாதா கோயில் வாசலில் கதவும் அசையவில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வண்டியைவிட்டு இறங்காவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இன்னும் ஏதோ கேட்கிறான். கயிறு பூவுக்குள் மறைந்திருந்தது. நான் கத்தியது பேண்டு சத்தத்தில் கரைந்தது. மாமனார் கண்ணாடியில் முகத்தை ஒட்டினார்.

"இன்னா மாப்ள, மோதரம் பத்தலியா?"

தலையாட்டி மறுத்தேன்.

"வாச்சா?"

கதவு மேலேதான் திறக்கும் என்று மேலே கை காட்டினேன். கயிறு சுற்றியிருக்கிறது என்று விரலைச் சுழற்றினேன்.

மாமனார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஃபேன் கேக்குறான்யா."

"வேர்த்துகினு வேற கீறாரு" என்றாள் ஓர் அத்தை.

"சரி, தர்றேன். எறங்கச் சொல்லு."

நான் தோளால் கதவை முட்டினேன். அது அடம்பிடிப்பதுபோல் தெரிந்ததாம்.

"கலீஜ் பையன். ஸ்டெல்லாவ வூட்டுக்கு இட்டுகினு போங்க" என்றார் மாமனார்.

பேண்டு நின்றது. வெள்ளைப் புடவையில் ஸ்டெல்லா படியிறங்கிப் போவதைக் கண்ணாடி வழியே பார்த்தேன்.

"பூ நான் வாங்கியாந்தது" என்று மாமனார் பேனாக்கத்தியால் சரத்தை அறுத்தார். உள்ளே மறைந்திருந்த கயிறும் சேர்ந்து அறுந்தது. நான் முட்டிக்கொண்டிருந்த கதவு விருட்டென்று எழும்பி அவர் தாடையில் ஒன்று வைத்தது. நான் திண்டு தடுக்கித் தலைகுப்புற அவர் காலில் விழுந்தேன்.

"பாவம், மன்னிப்பு கேக்குது புள்ள" என்று கூட்டம் உருகியது. மாமனார் தாடையைத் தடவிக்கொண்டே என்னைத் தூக்கி நிறுத்தினார். கயிற்றைப் பற்றிய என் விளக்கத்தை ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வந்த ஸ்டெல்லா மட்டும் அறுந்து தொங்கிய கயிற்றைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கல்யாணம் நடந்தது. ஃபேனும் வந்தது. ஊரறியச் சொன்ன வாக்காயிற்றே.

இன்றும் ஆட்டோவில் சில்லறை தேடி ஒரு நொடி கூடுதலாக உட்கார்ந்தால் போதும், முதலில் இறங்கிவிட்ட ஸ்டெல்லா குனிந்து கேட்பாள்: "இன்னா வேணும்னு சொல்லிட்டு எறங்கு. குடுக்க எங்கப்பாகூட இப்ப இல்ல."