பாண்காரர் போட்ட கானராசன் கூத்து

முன்னால் பார்க்காமல் ஓட்டோ ஓட்டத் தெரிந்த ஒரே மனிதர், நாவற்குடா முழுவதிலும், ஓட்டோவில் பேக்கரிப் பாண் விற்கும் எங்கள் பாண்காரர்தான். முன்சில்லு தன்பாட்டில் தெருவைக் கண்டுபிடித்துப் போகும். இவர் கழுத்தை வளைத்துப் பின்னால் கதைத்துக்கொண்டு வருவார். பின்னால், பாண் பெட்டியோடு ஒட்டிய பலகையில் அவருடைய மனைவி இருந்து பாண் எடுத்துக் கொடுப்பார். ஒருமுறை ஓட்டோ வாவிக்குள்ளேயே இறங்கிவிட்டது. சில்லு மூழ்கிய பிறகும் இவர் கதையை முடிக்கவில்லை. பணிஸ் எல்லாம் மீனுக்குப் போனது.

பிறகு அந்த அக்கா காய்ச்சலில் இறந்துபோனார். பலகை வெறுமையானது. கழுத்து மட்டும் பழக்கத்தை விடவில்லை.

அந்த நாட்களில்தான் பாண் வாங்க வந்த, கம்பஸில் படிக்கும் பிள்ளை ஒருத்தி அவருக்கு ஒரு கிரேக்கக் கதை சொன்னாள். பாம்பு கடித்து இறந்த மனைவியைத் தேடி ஒரு பாடகன் எமலோகம் போகிறான். அவன் பாட்டுக்கு எமன் இளகி, "கூட்டிப் போ. பின்னால் வருவாள். பூமிக்குப் போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்காதே" என்கிறான். கடைசி அடியில் பாடகன் திரும்பிவிடுகிறான். அவள் போய்விடுகிறாள்.

மறுநாள் எங்கள் தெருவுக்குப் பாண் வரவில்லை. அதற்கு மறுநாள் பாணோடு, அவர் அந்தக் கதையை வைத்து எழுதிய கூத்தும் வந்தது.

கிரேக்கப் பெயர்கள் நாக்கில் நிற்காததால் பாடகன் கானராசன் ஆனான். எமலோகத்து வாசலில் நின்ற மூன்று தலை நாயை, "மூண்டு தலைக்கும் ஆர் கூத்து முடி கட்டுற?" என்று கழித்துவிட்டார். கானராசன் அவரேதான். மனைவி வேடத்துக்கு என்னைக் கேட்டார்.

"எனக்குப் பாட வராது அண்ணன்."

"பாட்டே இல்லகா. சலங்கையக் கட்டிட்டுப் பின்னால வா. இந்த ஊரில வாய் திறக்காத ஆள் நீதான்."

என் மீசை போனது.

எங்கள் கூத்து வட்டக்களரியில் ஆடுவது. சனம் சுற்றிவர இருக்கும். ஆடுகிறவன் சுழன்று சுழன்று எல்லாப் பக்கமும் முகம் காட்ட வேண்டும். திரும்பவே கூடாதவனுக்கு இப்படியோர் ஆட்டம். போதாததற்கு இவருடைய கழுத்து. ஒத்திகையில் முதல் வட்டத்திலேயே என்னைப் பார்த்துவிடுவார். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்துவார்.

"என்னகா, இண்டைக்கும் பொஞ்சாதியக் கொன்னுபோட்டீங்களா?"

"நானில்ல அண்ணாவி, கழுத்துதான்."

இப்படி நான் பின்னேரம்தோறும் செத்தேன்.

கூத்துக்கு இடம் கொடுத்த கோயில்காரர்களுக்கு வேறு கவலை. "பொம்புளையச் சாகக் குடுத்திட்டு எப்பிடி வாழி பாடிக் கூத்த முடிக்கிற? கடைசியில பிள்ளையார் வந்து எழுப்பட்டும்."

பாண்காரர் மசியவில்லை. "போனவள் வரமாட்டாள். கதை அதுதான்."

அரங்கேற்றத்தன்று கோயில் வெளி நிறையச் சனம். பாண்காரர் சுழன்றபோதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. கடைசி வட்டம் வந்தது. திரும்ப வேண்டிய இடத்தில் அண்ணாவியார் மத்தளத்தை ஓங்கி அடித்தார். பாண்காரர் திரும்பவில்லை. மறுபடி அடித்தார். இவர் அடுத்த வட்டம் போனார். என் சேலை அவிழத் தொடங்கியது.

"அண்ணன், திரும்புங்க" என்றேன் மெதுவாக.

"இன்னொரு வட்டம் தம்பி."

"அண்ணாவியார் முறைக்கிறார்."

"சலங்கை கேக்குது. நீ பேசாம வா."

அவர் முகத்துப் பூச்சு கண்ணுக்குக் கீழே கரைந்து ஓடியது. நாங்கள் சுற்றிக்கொண்டே இருக்க, அண்ணாவியார் வேறு வழியில்லாமல் வாழி பாடி முடித்தார்.

"நாங்க சொன்னதக் கேட்டு உயிரோட விட்டிட்டார்" என்று கோயில்காரர்கள் பாண்காரருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அடுத்த நாள் காலை பாண் ஓட்டோ வந்தது. கழுத்து பழையபடி வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மறித்து ஏறி அதில் இருந்தேன்.

"எங்ககா போற?"

"சும்மாதான். ஓட்டுங்க."

இப்போது காலையில் பாண் எடுத்துக் கொடுப்பது நான்தான். வாவிப் பக்கம் வரும்போது மட்டும், "முன்னால பாருங்க அண்ணன்" என்பேன். மற்றத் தெருக்களில் அவர் விரும்பியபடி திரும்பிப் பார்க்கட்டும். நான் போய்விட மாட்டேன்.